நீலகிரி குடித்ததும், நீலகிரி குடிக்கக் கொடுத்ததும்

நீலகிரியின் வரலாற்றைக் கலெக்டர்களின் பெயர்களைக் கொண்டு சொல்வதே வழக்கம். குடிக்கும் பொருள்களைக் கொண்டு சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். மோர், கொய்னா (அதாவது குயினைன் என்ற மலேரியா மருந்து), பீர், சாராயம், தேயிலை என்று அது போகும். இந்த வரிசையில் மலை தனக்கென்று உண்டாக்கித் தானே குடித்தது மோர் மட்டும்தான். மற்றவை எல்லாம் வெளியாருக்காக, வெளியார் கணக்கில் வந்தவை.

முதலில் மோர். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 8 சதவீதம் இருக்கும். அந்தப் பாலைக் கடைந்து நெய் எடுத்து, மிஞ்சும் மோரில் அரிசியையும் சாமையையும் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். நெய் படகர்களுக்குப் போனது, படகர்களிடமிருந்து தானியம் வந்தது, கோத்தர்களிடமிருந்து மண்பானையும் இரும்பும் வந்தன. காசு இல்லாமலே ஓடிய கணக்கு இது.

பால் வேலையையே பூசையாகச் செய்யும் தோடர்களின் பால் கோயில்களில் இருந்த ஒழுங்கு இன்றைக்கும் வியக்க வைக்கிறது. 1902-இல் இங்கே தங்கி ஆய்வு செய்த ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் அதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். புனிதமான எருமைகளின் பால் கறந்து ஊற்றும் பாத்திரங்கள் உள்ளறையை விட்டு வெளியே வராது. கடைந்தெடுத்த வெண்ணெயும் மோரும் போய்ச் சேரும் பாத்திரங்கள் வெளியறையைத் தாண்டி உள்ளே போகாது. இரண்டுக்கும் நடுவே மாற்றி ஊற்றுவதற்கென்றே மூன்றாவது பாத்திரம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதுதான் அதன் வேலை. ஆண்கள் மட்டுமே அங்கே பால் வேலை செய்தார்கள். உயர்ந்த படிநிலைக் கோயில் என்றால் பூசாரி குடும்பத்தை விட்டுத் தனியே வாழ வேண்டும். குடிக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊரில்தான் பின்னாளில் சாராயக்கடை ஏலம் விடப்பட்டது என்பதை மறக்கக்கூடாது.

மலைக்கு வெளியார் வந்த கதை பலரும் நினைப்பதைவிடப் பழையது. 1603-இல் பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார், மலைமேல் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஏறி வந்தார். அவர் கண்டது தோடர்களையும் படகர்களையும். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் மலையை யாரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. குன்னூருக்கு எதிரே தெரியும் உலிக்கல் துர்க்கம் போன்ற கோட்டைகள் இருந்தாலும், நிஜமான காவல் அடிவாரக் காய்ச்சல்தான். கல்லாறு, சீகூர், மாயாறு, கூடலூர், தேவாலா என்று மலையைச் சுற்றி மலேரியா வளையம் ஒன்று இருந்தது. அடிவாரக் காட்டில் இரவு தங்காதே, விடிந்ததும் ஏறு என்பதே பயணிகளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மலை கம்பெனி வசமானது. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு உதவி அதிகாரிகள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை நம்பி, கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1819 ஜனவரியில் மேலே வந்தார். கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டியில் முதல் முகாம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரைப் பாதை 1823-இல் முடிந்தது. பாதை வந்ததும் சரக்கு ஏறியது, சரக்கோடு புட்டிகளும் ஏறின.

பழனி மலையில் வெளியார் ஏறிக் குடியேறியதற்கும் காரணம் காய்ச்சல்தான். மதுரை அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியது சமவெளி நோய்களிலிருந்து தப்பிக்கத்தான். ஆனால் அது மிஷனரிகள் உண்டாக்கிய ஊர், ஊட்டியோ அரசாங்கமும் பட்டாளமும் உண்டாக்கிய ஊர். அதனால் குடிக்கதை நீலகிரியில்தான் நீளமானது.

இனி கொய்னா. 1820-இல் பிரான்சில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து கன்றும் விதையும் கொண்டுவரும் வேலை கிளெமென்ட்ஸ் மார்க்கம் கையில் வந்தது. 1860-இலிருந்து நீலகிரியில் அரசுத் தோட்டம் எழுந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை நிறுவிய மெக்கைவரே அதற்கும் பொறுப்பு. சிவப்புப் பட்டை இனம் நடுவட்டத்தில், குளிர் தாங்கும் இனம் தொட்டபெட்டாவில். நடுவட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள்.

மெக்கைவர் கண்டுபிடித்த முறை பாசி கட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டைக்காக மரத்தை வெட்டினால் அந்த மரம் போயிற்று. அதனால் அவர் மரத்தை நிற்கவிட்டே, தண்டில் மேலிருந்து கீழாக நாலு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையை ஒரு பட்டியாக, அதாவது நீளக் கீற்றாக, உரித்தார், பக்கத்தில் ஒரு பட்டி விட்டார். உரித்தது போக மிச்சத்தில் சாறு ஓடும், மரம் சாகாது. உரித்த இடத்தைச் சுற்றி ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். வெயிலும் காற்றும் படாததால் அங்கே புதுப் பட்டை வளர்ந்தது. அது கெட்டியானபின் விட்டுவைத்த பட்டிகளை உரிக்கலாம். அப்படி இரண்டாம் முறை வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து முதல் பட்டையைவிடக் கூடுதலாக இருந்தது. வேலை கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று: பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வழுவழுப்பாக இருக்கும் மெல்லிய உயிர்ப்படலம். கத்தி அதைச் சுரண்டிவிட்டாலோ விரல் பட்டுத் தேய்த்துவிட்டாலோ அந்த இடத்தில் பட்டை திரும்பாது, கட்டை காய்ந்து வெடிக்கும். அதனால்தான் பட்டை தானாகக் கழன்று வரும் ஈரப் பருவத்தில் உரித்தார்கள்.

1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நடந்த மருத்துவச் சோதனையில், குயினைன் மட்டுமல்லாமல் அதே பட்டையில் இருக்கும் சின்கோனின், சின்கோனிடின் போன்ற மற்ற சத்துகளும் காய்ச்சலைத் தணிப்பதாகத் தெரிந்தது. ஏழைகளுக்கு மலிவான மருந்து கிடைக்க இது வழி செய்தது. நீலகிரி வரலாற்றில் உண்மையிலேயே பெருமைப்படத்தக்க பக்கம் இதுதான் என்பேன். ஆனால் வணிகத்தில் ஜாவா முந்தியது. தென் அமெரிக்காவில் வணிகம் செய்த லெட்ஜர் என்ற ஆங்கிலேயர் அனுப்பிய விதையிலிருந்து டச்சுக்காரர்கள் வளர்த்த மரத்தில் குயினைன் பல மடங்கு. நீலகிரியின் சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு, சின்கோனிடின்தான் அதிகம். விலை சரிந்ததும் தனியார் தோட்டக்காரர்கள் சின்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். வால்பாறைப் பக்கம் ஒரு ஊருக்குச் சின்கோனா என்ற பெயரே தங்கிவிட்டது.

கொய்னாவின் கசப்பை மறைக்கச் சர்க்கரையும் சோடாவும் சேர்த்து, பிறகு அதில் ஜின்னும் ஊற்றிக் குடித்தது துரைமார் வழக்கம். டானிக் வாட்டரின் பிறப்பு இதையொட்டித்தான். இன்றைக்கும் டானிக் குடித்தால் மலேரியா வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டர் டானிக்கில் அதிகபட்சம் 83 மில்லிகிராம் குயினைன். மலேரியா வந்த பெரியவருக்கு வழக்கமான அளவு 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, அதாவது 1,800 மில்லிகிராம். டானிக்கில் அதை எட்ட ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே டானிக் வெறும் பானம்தான், மருந்து என்று எண்ணிக் குடிக்க வேண்டாம்.

பீர் கதை சின்னது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் சமவெளியில் பீர் நொதிக்கவைக்க முடியாது. ஈஸ்டுக்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும், 30-ஐத் தாண்டினால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொண்டு புளிக்கவைத்துவிடும். மலையில் அந்தக் குளிர் சும்மாவே கிடைத்தது. பார்லியைப் படகர்கள் ஏற்கெனவே பயிரிட்டு வந்தார்கள். அருவங்காடு பள்ளத்தாக்கில், வெடிமருந்துத் தொழிற்சாலை வருவதற்கு முன் பீர் ஆலை ஒன்று இருந்தது. இயந்திரத்தால் குளிரவைக்கும் வழி வந்ததும் மலைக்கு இருந்த அனுகூலம் போய்விட்டது.

சாராயம்தான் மலை மக்களைத் தொட்டது. மேல்மலையில் தென்னையும் பனையும் கிடையாது. கள்ளோ இறக்கிய ஒரே நாளில் புளித்துவிடும். மாட்டுவண்டியில் மலையேற்றினால் ஊட்டி வருவதற்குள் குடிக்க லாயக்கில்லை. அதனால் கீழே காய்ச்சி மேலே ஏற்றக்கூடிய சாராயமே தோட்டங்களுக்கு வந்தது. கடை நடத்தும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. 1886-இன் சென்னை அப்காரிச் சட்டம், அதாவது மது வரிச் சட்டம், இந்த வருவாயை முறைப்படுத்தியது. ஏலம் எடுத்த குத்தகைதாரர் கட்டிய பணத்தை மீட்டாக வேண்டும், ஆகவே கூலி கொடுக்கும் நாளும் சந்தை நாளும் எங்கே கூடுகின்றனவோ அங்கே கடை. 1879-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தேவாலா, பந்தலூரில் தங்கவேட்டை மூண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரவு ஸ்மித்தின் அறிக்கையைக் காட்டி லண்டனில் பங்குகள் விற்றார்கள். பாறையில் தங்கம் இருந்தது, செலவைக் கட்டும் அளவுக்கு இல்லை. கம்பெனிகள் மூடின. காய்ச்சலும் கடனும் சாராயமும் கூலிக்காரர்களுக்கு மிஞ்சின.

1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் அது தளர்ந்தது, பின்னும் மாறி மாறி வந்தது. 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்.

இப்போது தேயிலை. 1830-களில் கேத்தி அரசுப் பண்ணையில் சோதனையாக நட்டார்கள், பேணாமல் விட்டார்கள். 1850-களில் குன்னூரில் மான் என்பவர் சீன விதையைக் கொண்டு ஒழுங்காக வளர்த்துக் காட்டினார். 1859-இல் தியாசோலா போன்ற தோட்டங்கள் எழுந்தன. அடுத்த நூறாண்டில் மலையின் முகமே பச்சை விரிப்பானது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் வீடுகளில் இன்றும் தேத்தண்ணி என்றே சொல்கிறார்கள். பால் இல்லாமல், சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடிக்கும் பழக்கமும் அவர்களோடு வந்தது.

ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை போகும். இலை கிலோ 20 ரூபாய் என்றால், நீங்கள் வாங்கும் ஒரு கிலோ தூளில் விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது 80 முதல் 90 ரூபாய். கடையில் விலை பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உரமும் பறிகூலியும் அந்தப் பணத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

தரம் கெடுவது பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வருமுன்பே. இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கையால் பறித்தால் நல்ல தூள். ஆள் கிடைக்காமல் கத்தரி போட்டு வெட்டும்போது முற்றிய இலையும் தண்டும் கலக்கும், அதில் சாறு கம்மி, நார் ஜாஸ்தி. பறித்த இலையைச் சாக்கில் திணித்து அழுத்தினால் உள்ளே சூடேறி ஓரம் சிவந்துவிடும். அப்படிச் சிவந்த இலையை எந்த இயந்திரமும் சரி செய்யாது. தொழிற்சாலையில் 12 முதல் 16 மணி நேரம் வாட்டி, நசுக்கி, சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும்) உருளைகளில் மூன்று நாலு முறை வெட்டி, ஒரு மணி நேரம் போல நொதிக்கவிட்டு, ஈரம் 3 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்துகிறார்கள். நொதிப்பு குறைந்தால் பச்சை வாடை, கூடினால் நிறம் இருக்கும், சுறுசுறுப்பு இருக்காது. உலர்த்தும் இயந்திரம் மெதுவாக ஓடினால் தூள் வெந்துபோய்ச் சப்பென்று ஆகும். சல்லடையில் பெரிய மணி முதல் டஸ்ட் என்ற நுண்தூள் வரை பிரிந்து குன்னூர் ஏல மையத்துக்குப் போகும். நீண்ட இலையாக உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிடும். மலையில் பறிக்கிறவர்கள் வீட்டில் குடிப்பது டஸ்ட். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஜனவரி பனிக்காலத்தில் மெதுவாக வளரும் கொழுந்தில் வரும் மணத்தை அந்த மண்ணின் ஆட்களே ருசித்ததில்லை.

ருசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94-ஐ ஒட்டி, மேட்டுப்பாளையத்தில் 99. எவ்வளவு தீ வைத்தாலும் மூடாத பாத்திரத்தில் இதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். சமவெளியில் பழகிய கையோடு ஊட்டியில் டீ போட்டால் வெளுப்பாக வருவதற்கு இதுதான் காரணம். தூளைக் கூட்டினால் துவர்ப்புதான் கூடும். நேரத்தைக் கூட்ட வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ் இலை என்றால் 200 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம், அதாவது குவியலான ஒரு டீஸ்பூன். பாத்திரத்தை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள், குளிர்ந்த பீங்கான் ஒரு நொடியில் அஞ்சாறு டிகிரியைத் தின்றுவிடும். கொதி வந்ததும் ஊற்றி மூடுங்கள். சமவெளியில் மூன்று நிமிடம், ஊட்டியில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இலையைப் பிழியாமல் வடிகட்டுங்கள். பால் வேண்டாம். இதையே இரட்டைப் பங்கு இலை போட்டு எடுத்து ஐஸ்கட்டி மேல் ஊற்றினால் நல்ல ஐஸ் டீ. பல தேயிலைகள் ஆறியதும் கலங்கும், நீலகிரித் தேயிலை தெளிவாகவே நிற்கும்.

டஸ்ட் என்றால் இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் தூள், 150 மில்லி பால். தண்ணீரில் தூளைப் போட்டுச் சமவெளியில் ஒன்றரை நிமிடம், மேலே மூன்று நிமிடம் மூடிக் கொதிக்கவிட்டு, தனியே காய்ச்சிய பாலைச் சேருங்கள். இஞ்சி போடுவதானால் தண்ணீரோடு முதலில் கொதிக்கட்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது, சூட்டில் அது செத்துவிடும். கடைகளில் டிக்காஷன் பையில் தூள் அரைமணிக்கு மேல் ஊறிக்கொண்டே கிடந்தால் கசப்பும் மங்கலும் வரும். கூட்டம் உள்ள கடையில் டீ நன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான், தூள் அடிக்கடி மாறுகிறது.

கலப்படம் பார்க்க, வெள்ளை வடிதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூள் தூவுங்கள். குளிர்ந்த நீரிலேயே செம்மஞ்சள் நிறம் சட்டென்று பரவினால் சாயம். நல்ல தூள் மெதுவாக, லேசான பழுப்பாகவே விடும். சுற்றுலாச் சாலைக் கடைகளில் திறந்த தட்டில் குவித்து வைத்திருக்கும் தூளை வாங்காதீர்கள், மலையின் ஈரக்காற்றில் அது மணிக்கணக்கில் ஈரம் இழுத்துவிடும். மூட்டை கட்டிய தேதி பார்த்து, கூட்டுறவுத் தொழிற்சாலைத் தூளாக வாங்கினால் பணம் இலை போட்டவர்களுக்குச் சற்று அருகில் போய்ச் சேரும். வீட்டில் ஏலக்காய், கற்பூரம் பக்கத்தில் வைக்கக்கூடாது, தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது.

மதுப்புட்டிகளையும் வீசக்கூடாது. காட்டில் வீசிய கண்ணாடி, யானையின் பாதத்தில் ஏறினால் எடுக்க ஆள் கிடையாது, புண் புரையோடி நடக்க முடியாமல் பட்டினியில் சாகும். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் முதன்முதலில் நீலகிரியில்தான் காலிப்புட்டியைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலியை டாஸ்மாக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பும். அடையாளம் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கேரளம், கர்நாடகத்திலிருந்து கொண்டு வரும் புட்டிக்கு இந்தத் திட்டம் பொருந்தாது, அதை முதுமலையிலோ நாடுகாணியிலோ இறக்கிவிட்டுப் போகாமல் வந்த வண்டியிலேயே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.